இடுப்பு முறிந்த முதியவருக்கு வலிப்பும் இருந்தால்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் பார்த்தவை

சாட்ஸ்வொர்த், எலும்பு வார்டு சிஸ்டர்:
வலிப்பு நின்ற பிறகும் ஆயா (பாட்டி) எழுந்திருக்கவில்லை என்றால், மயக்கம் தெளியவில்லை என்று படுக்கையிலேயே விட்டுவிடுகிறார்கள். கீழே விழாமலே தொடையெலும்பின் கழுத்து முறியும். தசை இழுக்கிற இழுப்பே போதும். ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் தூக்கி நிறுத்தாதீர்கள். வெறும் விரிசலில் கால் நேராகவே இருக்கும், அதனால் இடுப்பு வலிக்கிறது என்றாலே எக்ஸ்ரே எடுக்கவேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் போடும் பட்டினி சோற்றுக்கும் டீக்கும்தான். மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வலிப்பு மாத்திரையான எபிலிமோ டெக்ரெட்டாலோ அந்தந்த வேளைக்கு ஒரு மடக்குத் தண்ணீரில் கொடுக்கணும். ஆபரேஷன் மறுநாளுக்குத் தள்ளிப்போகும், பட்டினி நீளும், ரெண்டு மூணு வேளை மாத்திரை விட்டுப்போகும். வார்டில் வலிப்பு வருவது பெரும்பாலும் இப்படித்தான். விழுங்க முடியாதவருக்கு எபிலிமை ஊசியாக ஏற்றச் சொல்லிக் கேளுங்கள்; டெக்ரெட்டால் என்றால் அதற்கு மாற்று என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரைப் பையையும் கிளினிக் கார்டையும் அப்படியே எடுத்து வாருங்கள். "வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு" என்றால் எங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஃபீனிக்ஸ், மருந்தாளர்:
சிஸ்டர் சொன்னதோடு வலி மருந்தையும் கவனியுங்கள். டிராமடால், பெத்திடின் இரண்டும் வலிப்பைக் கிளப்பக்கூடியவை. பாராசிட்டமாலும், தொடை நரம்பை மரக்கவைக்கும் ஊசியும் முதலில். போதாவிட்டால் அளவாக மார்ஃபின்.

எபனூட்டின், அதாவது ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்து சாப்பிடுபவர் என்றால் இன்னும் எச்சரிக்கை வேணும். ரத்தத்தில் அதில் சுமார் 90 சதவீதம் அல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும். முறிவுக்குப் பின் அல்புமின் இறங்கும். பரிசோதனையில் மொத்த அளவு குறைவாகத் தெரியும், ஆனால் வேலைசெய்யும் ஒட்டாத பங்கு குறைந்திருக்காது. அந்த எண்ணை நம்பி டோஸைக் கூட்டினால் கருவிழி ஆடும், நடை தள்ளாடும், மறுபடி விழுவார். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ரிவரோக்ஸபான் எழுதினால், ஃபெனிட்டாயினும் டெக்ரெட்டாலும் அதன் வீரியத்தைக் குறைக்கும் என்று டாக்டருக்கு நினைவுபடுத்துங்கள். எனாக்ஸபரின் ஊசிக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

டொங்காட், பிசியோ:
மறுநாளே எழுப்பி உட்காரவைக்கணும். இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு வலிப்பு வந்து, கால் குட்டையாகி இந்தமுறை உள்பக்கம் திரும்பியிருந்தால், மூட்டு பின்பக்கம் நழுவியிருக்கும். நடக்கவைக்காமல் உடனே எக்ஸ்ரே.

பழைய வலிப்பு மாத்திரைகள் பல வைட்டமின் டியைக் குறைப்பதாலும் எலும்பு இப்படி நொறுங்குகிறது. எலும்பை வலுப்படுத்த வாரம் ஒருமுறை 70 மில்லிகிராம் அலெண்ட்ரோனேட் மாத்திரை கொடுத்தால் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் தண்ணீரோடு, அரை மணி நேரம் நிமிர்ந்து இருக்கணும். முடியாதவருக்கு வருஷத்துக்கு ஒருமுறை ஜோலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராம் ட்ரிப். அதற்கு முன் வைட்டமின் டி அளவைச் சரிசெய்தே ஆகணும். இல்லையென்றால் கால்சியம் சரியும், அதுவே வலிப்பைக் கொண்டுவரும்.