ஷாக் ஆயில் செலவைக் குறைக்க என்ன வழி? மண்டபம் பக்கம் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

மண்டபம் மணல்

வணக்கம். என்னிடம் 1/10 அளவு ரிமோட் கண்ட்ரோல் பக்கி கார் ஒன்று இருக்கிறது, மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் ஆள் நடமாட்டம் இல்லாத மணலில்தான் பெரும்பாலும் ஓட்டுகிறேன். பிரச்சினை ஷாக் ஆயில், அதாவது ஷாக் அப்சார்பருக்குள் ஊற்றும் எண்ணெய். 60 மில்லி பாட்டில் ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்தால் ஆயில் விலை ஒரு பக்கம், கூரியர் காசு இன்னொரு பக்கம். அதிலும் 30 வெயிட் (ஆயிலின் கெட்டியைக் காட்டும் எண்), 35, 40 என்று வெயிலுக்கும் தரைக்கும் தகுந்தபடி மூன்று நான்கு பாட்டில் கையில் இருக்க வேண்டும் என்கிறார்கள், எனக்குக் கட்டுப்படியாகவில்லை. எங்கள் தெரு பைக் மெக்கானிக் பைக்கின் முன் ஃபோர்க்கில் ஊற்றும் ஃபோர்க் ஆயில் தருகிறேன் என்கிறார், பாம்பனில் போட் இன்ஜின் பார்க்கும் மாமா ஹைட்ராலிக் ஆயிலே போதும் என்கிறார். ஊற்றலாமா? நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? முன் ஷாக் இரண்டும் லேசாகக் கசியவும் செய்கின்றன.

பனைக்குளம் 4x4

தம்பி, ஃபோர்க் ஆயிலும் வேண்டாம், ஹைட்ராலிக்கும் வேண்டாம். பைக் பாட்டிலில் போட்டிருக்கும் 10 என்ற எண்ணும் நம் பாட்டிலில் இருக்கும் எண்ணும் ஒன்றல்ல. 10 நம்பர் ஃபோர்க் ஆயில் 40 டிகிரி சூட்டில் ஏறக்குறைய 30 செண்டிஸ்டோக்தான் (கெட்டியை அளக்கும் அலகு) வரும், நம் 30 வெயிட் ஆயிலோ 25 டிகிரியில் 350. அதை ஊற்றினால் வண்டி ஒவ்வொரு மேட்டிலும் அடிவயிறு தட்டித்தான் போகும்.

இன்னொன்று, அது பெட்ரோலியம் எண்ணெய். காலையில் 25 டிகிரியில் இருப்பது மதியம் 40 ஆகும்போது அதன் கெட்டி பாதியாகிவிடும். நம் பாட்டிலில் இருக்கும் சிலிக்கான் ஆயிலும் இளகும், ஆனால் கால் பங்கு அளவுக்குத்தான். சித்திரை வெயிலில் நம் ஊர் மணலில் வண்டி ஓட்டுகிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை. போதாததற்கு ஷாக்குக்குள் சிலிக்கான் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் வளையம்) இருந்தால் பெட்ரோலியம் எண்ணெயில் ஊறி உப்பிவிடும், ஷாஃப்ட் (ஷாக்கில் உள்ளே வெளியே போய்வரும் தண்டு) இறுகிப் பிடிக்கும். ஆயிலில் மிச்சம் பிடித்த காசு அப்புறம் ஓ-ரிங் வாங்கவே போய்விடும்.

விளக்கெண்ணெய் ஊற்றுகிற பையன்களையும் பார்த்திருக்கிறேன். கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் வெயில் ஏற ஏறத் தண்ணீராகிவிடும், நாள்பட்டால் பிசின் மாதிரி ஒட்டும். வேண்டவே வேண்டாம்.

தேவிபட்டினம் டீச்சர்

மண்டபம் தம்பிக்கு: மூன்று நான்கு பாட்டில் தேவையே இல்லை, இரண்டு போதும். ஷாக் ஆயில், டிஃப் ஆயில் (டிஃபரன்ஷியல் கியரில் ஊற்றுவது) இரண்டுமே அடிப்படையில் ஒரே சிலிக்கான் திரவம்தான், கெட்டிதான் வித்தியாசம். அதனால் மெல்லியது ஒன்று, கெட்டி ஒன்று வாங்கிக் கலந்துகொண்டால் நடுவில் எது வேண்டுமானாலும் கிடைக்கும். நான் 350, 1000 செண்டிஸ்டோக் இரண்டும் வைத்திருக்கிறேன்.

ஆனால் கலக்கும்போது சாதாரண சராசரி போடாதீர்கள், அங்கேதான் எல்லோருக்கும் கணக்கு உதைக்கிறது. 350-ஐயும் 1000-ஐயும் பாதிக்குப் பாதி கலந்தால் 675 வராது, 590 பக்கம்தான் வரும். மடக்கை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும், பிளஸ் ஒன்னில் படித்த அதே மடக்கைதான். இரண்டு பங்கு 350-க்கு ஒரு பங்கு 1000 என்றால் ஏறக்குறைய 500. மூன்றுக்கு ஒன்று என்றால் 455. டீம் அசோசியேட்டட் கம்பெனி பாட்டிலில் 35 வெயிட் என்பது 425, 40 வெயிட் என்பது 500, 45 வெயிட் என்பது 575. பார்த்துக்கொள்ளுங்கள், நமக்கு வேண்டியது எல்லாம் இதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

மெடிக்கல் கடையில் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் கேட்டால் கொடுப்பார்கள், அளக்க அது போதும். கலக்கிய பிறகு ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள், காற்றுக் குமிழி எல்லாம் மேலே வந்துவிடும். பாட்டிலில் எண்ணை எழுதி ஒட்ட மறக்காதீர்கள். வெயிட்டை எழுதாமல் செண்டிஸ்டோக்கை எழுதுங்கள், ஏனென்றால் வெயிட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். லோசியின் 30 வெயிட் 338.

கீழக்கரை 1/8

டீச்சர் சொன்ன 350-க்கு இன்னும் மலிவான வழி இருக்கிறது, ட்ரெட்மில் ஆயில். ஜிம் சாமான் விற்கும் இடத்தில் கிடைக்கும். நூறு சதவீதம் சிலிக்கான் என்று போட்டிருக்கிறதா, செண்டிஸ்டோக் எண் இருக்கிறதா, இரண்டையும் பார்த்து வாங்க வேண்டும். கெட்டி ஆயில் மட்டும் எங்கள் காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து வரும்போது கொண்டு வருவார், செக்-இன் பெட்டியில் இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி. ஊரில் ஓட்டுகிற நாங்கள் எல்லோரும் சேர்ந்து காசு போட்டுப் பெரிய பாட்டிலாக வாங்கிப் பிரித்துக்கொள்வோம்.

பனைக்குளம் 4x4

கீழக்கரை பாய், ட்ரெட்மில் ஆயில் என்று எழுதியிருப்பதெல்லாம் சுத்த சிலிக்கான் இல்லை. ஸ்ப்ரே டப்பாவில் வருவதில் கரைப்பான் கலந்திருக்கும், அதை ஷாக்கில் விடவே கூடாது. எண் போடாத பாட்டிலையும் நான் வாங்க மாட்டேன்.

தம்பி, உன் கசிவுக்கு வருகிறேன், உண்மையில் உன் காசு போகிற இடம் அதுதான். 1/10 ஷாக் ஒன்றுக்கு நாலைந்து மில்லி பிடிக்கும், அப்படியென்றால் 60 மில்லி பாட்டில் நாலு ஷாக்குக்கும் மூன்று தடவை தாராளமாக வர வேண்டும். வரவில்லை என்றால் ஓ-ரிங் போய்விட்டது என்று அர்த்தம். மண்டபம் மணலில் சிப்பித் துகள் நிறைய, ஷாஃப்டில் ஒட்டிக்கொண்டு உள்ளே போய் ஓ-ரிங்கை அறுக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வண்டி சும்மா நின்றாலே மணல் ஏறும், உப்பு வேறு ஷாஃப்டைத் துருப்பிடிக்க வைக்கும். ஓட்டி முடித்ததும் உலர்ந்த பிரஷால் ஷாஃப்டைத் தட்டிவிட்டு நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடை. மெடிக்கல் கடை கையுறையின் விரலை வெட்டி ஷாஃப்டுக்கு உறையாக மாட்டிவிடு, வெயிலில் கெட்டுப்போகும், போனால் இன்னொரு விரல். ஷாஃப்டில் கீறல் விழுந்திருந்தால் எத்தனை ஓ-ரிங் மாற்றினாலும் கசியும், நகத்தால் தடவிப் பார்த்தால் தெரியும்.

மண்டபம் மணல்

நன்றி அண்ணே, நன்றி டீச்சர். தடவிப் பார்த்தேன், இடது பக்க ஷாஃப்டில் கீறல் இருக்கிறது. கழற்றும்போது வருகிற பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றலாமா? சாம்பல் நிறமாக இருக்கிறது.

தேவிபட்டினம் டீச்சர்

அந்தச் சாம்பல் பெரும்பாலும் ஷாக்கின் உள்சுவரும் பிஸ்டனும் தேய்ந்த தூள். சிலிக்கான் அவ்வளவு சீக்கிரம் கெடாது. கண்ணாடிப் பாட்டிலில் ஒரு வாரம் அசைக்காமல் வைத்தால் கனமான தூள் அடியில் தங்கும், மேலே இருப்பதைச் சிரிஞ்சில் எடுத்துச் சும்மா ஓட்டும் வண்டிக்கு ஊற்றலாம். மணல் கலந்த ஆயில் என்றால் யோசிக்காமல் விட்டுவிடுங்கள். கடற்கரையில் கொட்ட வேண்டாம், பழைய துணியில் உறிஞ்சிக் குப்பையில் போடுங்கள்.

கீழக்கரை 1/8

தம்பி, ஷாஃப்ட் ஜோடியாகத்தான் கிடைக்கும், முன்னால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடு. 350 மட்டும் வாங்கி வை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து உச்சிப்புளி பக்கம் வருகிறோம், என்னிடம் இருக்கும் 1000-இல் உனக்கு 20 மில்லி ஊற்றித் தருகிறேன், காலி பாட்டில் ஒன்று கொண்டு வா.