மாற்கு 5: ஆய்வுரையோடு வாசித்தால் விசுவாசம் தளருமா?

உப்புவெளி வாசகன்:
திருகோணமலையில் எங்கள் விவிலிய வகுப்பு இப்போது மாற்கு நற்செய்தியை ஆய்வுரைகளின் துணையோடு வாசித்து வருகிறது. 5ஆம் அதிகாரத்தில் தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகளைக் குணமாக்க இயேசு புறப்படுகிறார். இடையில் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் வந்து சேர, அவள் கதை முடிந்த பிறகே சிறுமியின் வீடு வருகிறது. ஒரு நிகழ்ச்சியின் நடுவே மற்றொன்றை வைப்பது மாற்கு பல இடங்களில் கையாளும் முறை என்று அறிந்தபின், அவள் 12 ஆண்டு நோயுற்றிருந்ததும், சிறுமிக்கு வயது 12 என்பதும், தொழுகைக்கூடத் தலைவரின் மகளுக்காகப் போகும் வழியில் பெயரே சொல்லப்படாத ஒருத்தி "மகளே" என்று அழைக்கப்படுவதும் சேர்ந்து கண்ணில் படுகின்றன. இந்த வாசிப்பை எல்லாப் பங்குகளிலும் கற்பிக்க வேண்டும்.

பாலையூற்றுப் பெரியவர்:
தம்பி, இந்த நுணுக்கம் எதையும் அறியாத எங்கள் அம்மம்மாமார், கடலுக்குப் போனவர்கள் திரும்பாத இரவுகளில், அந்தப் பெண் இயேசுவின் மேலுடையைத் தொட்டுக் குணமடைந்த வரிகளை வாசித்தே மனந்தேறினார்கள். அது ஆழம் குறைந்த வாசிப்பா? நான் போன ஒரு வகுப்பில், உயிர்த்த இயேசு சீடருக்குத் தோன்றும் மாற்கு 16:9-20 பகுதி, மிகப் பழைய விவிலியப் படிகளான நான்காம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் கையெழுத்துப்படிகளில் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டார்கள். அப்படியானால் உயிர்ப்பே ஐயமா என்று ஒரு தாய் கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

உப்புவெளி வாசகன்:
அவரைக் கலங்க விட்டது பெரும் குறைதான், ஐயா. ஆனால் அவருக்கான பதிலும் ஆய்விலேயே இருக்கிறது. இயேசு உயிருடன் எழுப்பப்பட்டார் என்ற 16:6 அந்தப் படிகளிலும் உண்டு. மாற்குக்கு முன்பே, 50களின் நடுவில் பவுல் எழுதிய 1 கொரிந்தியர் 15, உயிர்ப்பைத் தாம் பெற்றுக்கொண்ட செய்தியாகவே அறிவிக்கிறது. விவிலியத்தின் இலக்கிய வகைகளை ஆராயும்படி திருத்தந்தை 12ஆம் பயஸ் 1943இலேயே பணித்தார். 1965இல் கத்தோலிக்க ஆயர்களின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அதை வலியுறுத்தியது.

பாலையூற்றுப் பெரியவர்:
இந்த விளக்கம் அங்கே கிடைத்திருக்க வேண்டும். ஆயினும், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் கதையின் அமைப்பைப் பேசி என்ன பயன்?

உப்புவெளி வாசகன்:
அந்த வீட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஐயா. மத்தேயு 9:18இல் தகப்பன் வரும்போதே மகள் இறந்துவிட்டாள். மாற்கிலோ அவள் சாகும் தறுவாயில் இருக்கிறாள். தம்மைத் தொட்டவர் யார் என்று இயேசு நின்று தேடுகிறார், அந்த நேரத்தில் யாயிர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை, அந்தப் பெண்ணோடு இயேசு பேசிக்கொண்டிருக்கும்போதே மரணச் செய்தி வருகிறது. அந்தத் தாமதத்தை உணர்ந்து வாசித்தால், "அஞ்சாதீர், நம்பிக்கையை மட்டும் விடாதீர்" என்பது எப்படிப்பட்ட தகப்பனிடம், எந்த நொடியில் சொல்லப்பட்டது என்பது துக்க வீட்டாருக்கு நன்றாகவே விளங்கும்.