சிங்கப்பூரில் 14 மணி நேரம், கூட 68 வயது அம்மா: வெளியே போகலாமா?

யாரா_கரை:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவை முதன்முறையாக மெல்போர்னுக்கு அழைத்துப் போகிறேன். சென்னையிலிருந்து இரவு விமானம். காலை 6 மணிக்குச் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறோம். மெல்போர்ன் விமானம் அன்று இரவு 8 மணிக்குத்தான். இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருப்பதால் பெட்டிகள் நேராக மெல்போர்ன் போய்விடும் என்று சொன்னார்கள். கையில் ஆளுக்கொரு சின்னப் பை மட்டும் இருக்கும்.

இரண்டு பேருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். அம்மாவிடம் ஆஸ்திரேலிய விசிட்டர் விசா இருக்கிறது, நான் அங்கே நிரந்தரவாசி. சிங்கப்பூர் விசா தனியாக எடுக்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் நின்று நின்று நடப்பார், படிக்கட்டு என்றால் சிரமம். நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர். கோயில் என்றால் உயிர், செடிகொடி என்றாலும் பிடிக்கும். கடை கடையாக ஏறி இறங்குவதில் ஆர்வம் இல்லை.

வெளியே போகலாமா, உள்ளேயே இருந்துவிடுவது நல்லதா? போவதென்றால் எங்கே போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூரோங்_மணி:

கண்டிப்பாகப் போகலாம். விசா பற்றி முதலில் சொல்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் சிங்கப்பூருக்குள் வர ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா போன்ற சில நாடுகளின் விசாவோ நீண்டகால அனுமதியோ கையில் இருக்க வேண்டும். அது இன்னும் ஒரு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், அடுத்த விமானத்துக்கு உறுதியான டிக்கெட்டும் வேண்டும். உங்கள் இருவருக்கும் பொருந்தும் என்றே தோன்றுகிறது. ஆனால் உள்ளே விடுவதும் விடாததும் குடிநுழைவு அதிகாரியின் முடிவு. கிளம்புவதற்கு முன் சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையமான ஐசிஏ இணையதளத்தில் இன்றைய விதியை ஒருமுறை வாசித்துவிடுங்கள். விசாவையும் டிக்கெட்டையும் தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டை (வருகை அட்டை) இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல.

இன்னொன்று, கைப்பையில் கசகசா இருக்கக் கூடாது. சிங்கப்பூரில் அது தடைசெய்யப்பட்ட பொருள். புகையிலைப் பொட்டலம், வேப் (மின்சிகரெட்) எதுவும் கூடாது. மகன் வீட்டுக்குப் போகும் அம்மாக்களின் பையில் மசாலாப் பொட்டலம் இல்லாமல் இருக்காது, அதனால்தான் சொல்கிறேன்.

எங்கே போவது என்று யோசித்துக் குழம்ப வேண்டாம். டிரான்சிட் பயணிகளுக்குச் சாங்கியே இலவசச் சுற்றுலா நடத்துகிறது. இரண்டரை மணி நேரம், பேருந்தில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். இணையத்தில் முன்பதிவு செய்யலாம், டிரான்சிட் பகுதியில் உள்ள மேசையிலும் கேட்கலாம். குடிநுழைவைத் தாண்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

தெம்பனிஸ்_வாசகி:

தம்பி, மணி சொன்ன விசா விவரத்தை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த இலவசச் சுற்றுலா உங்களுக்கு வேண்டாம். ஆறேழு மணி நேரம் மட்டும் உள்ளவர்களுக்கு அது அருமையானது. உங்களிடம் 14 மணி நேரம் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவருக்குப் பேருந்தில் ஏறி இறங்கி, வழிகாட்டி சொல்லும் நிமிடத்துக்குள் படம் எடுத்துக்கொண்டு ஓடுவதில் என்ன கிடைக்கும்?

நான் இங்கேதான் இருக்கிறேன். ஊரிலிருந்து இப்படி இடைத்தங்கலில் வரும் உறவுக்காரர்களை விமான நிலையத்திலிருந்து கூட்டிப்போய்த் திரும்ப விடுவது என் வழக்கம். நான் முதலில் செய்வது கணக்கைப் பின்னாலிருந்து போடுவது. இரவு 8 மணி விமானம் என்றால் மாலை 5 மணிக்கு விமான நிலையக் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். காலையில் இறங்கி, முகம் கழுவி, குடிநுழைவு முடித்து, வாய்க்கு ஏதாவது போட்டுக்கொண்டு வெளியே வர ஏழரை ஆகிவிடும். இரவு விமானத்தில் யாரும் ஒழுங்காகத் தூங்குவதில்லை. பெரியவர்களுக்குப் பகல் 1 மணிக்கு மேல் உடம்பு ஒத்துழைக்காது. ஆக, உங்கள் 14 மணி நேரத்தில் ஊர் பார்க்க உண்மையாகக் கிடைப்பது காலை எட்டரையிலிருந்து ஒரு மணி வரைதான். அதற்குள் மெர்லயன், செந்தோசா, ஆர்ச்சர்ட் ரோடு என்று கோர்த்துக்கொண்டு போனால் அம்மா நினைவில் ரயில் நிலையங்கள் மட்டும்தான் மிஞ்சும்.

அம்மா நாகப்பட்டினம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு வேறு இடமே தோன்றவில்லை. தெலுக் ஆயர் தெருவுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டவர் ஷாகுல் ஹமீது நினைவாக, கடல் தாண்டி வந்த நம் கரை முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டியது. வெள்ளையும் பச்சையுமாகச் சின்ன மினாராக்கள். நாகூரில் அண்ணாந்து பார்க்கிற மினாராவின் சாயலைக் கையடக்கமாக இங்கே பார்க்கலாம். உள்ளே இந்திய முஸ்லிம்களின் மரபுடைமை நிலையமாக வைத்திருக்கிறார்கள். திறக்கும் நேரத்தை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தாலும் வெளியே நின்று பார்க்கலாம்.

அந்தத் தெருதான் ஒரு காலத்தில் கடற்கரை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்ததால் இன்று நாலாபக்கமும் அலுவலகக் கோபுரங்கள். அதற்கு முன் கப்பல்விட்டு இறங்கியவர்கள் கால்வைத்த இடம் இது. பத்திரமாகக் கரை சேர்த்ததற்கு அவரவர் தெய்வத்துக்கு நன்றி சொல்ல அவரவர் கட்டியவை வரிசையாக நிற்கின்றன. தர்காவிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஹொக்கியன் சீனர்கள் கட்டிய தியான் ஹொக் கெங். கடல்தாய் மாசுவின் கோயில், 1842இல் முடித்தார்கள். இன்னும் நாலு எட்டு வைத்தால் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் கூரை வேய்ந்த குடிசையாக இருந்தபோது ‘குச்சுப் பள்ளி’ என்றார்களாம், தமிழ் முஸ்லிம்களின் பள்ளி. எல்லாம் ஒரே தெரு, சமதரை, நடைபாதைக்கு மேலே கூரையும் உண்டு. அம்மா நின்று நின்று நடக்கலாம்.

ரஜூலா கப்பலை அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அந்த வயதில் நாகப்பட்டினத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்காது. அந்தக் கப்பலுக்கும் முன்னால் நம் கரையிலிருந்து வந்தவர்கள் எங்கே இறங்கினார்கள் என்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் இவ்வளவு சொல்கிறேன்.

இதற்கு முன்னால் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோயில். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுதான். 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை முயற்சியில் 1827இல் மரமும் கீற்றுமாக எழும்பியது. தீமிதி நடப்பதும் இங்கேதான். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், பிறகு மாலையில்தான் திறப்பார்கள். ஆகவே கோயில் முதலில், மற்றதெல்லாம் பிறகு. அதே சாலையில் பக்கத்திலேயே சூலியா என்று அழைக்கப்பட்ட தென்னிந்தியத் தமிழ் முஸ்லிம்களின் ஜாமிஆ பள்ளிவாசலும் இருக்கிறது, இரட்டை மினாராவோடு.

போகிற வழி: விமான நிலைய எம்ஆர்டியில் (மெட்ரோ ரயில்) ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் லைனுக்கு மாறுங்கள். தானா மேரா வழி வேகமானது என்று பலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் காலை எட்டு மணிக்கு அந்தப் பச்சைத் தடத்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. எக்ஸ்போவில் ஏறினால் பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும். அரை மணிக்குக் கொஞ்சம் மேல் ஆகும், சைனாடவுன் வந்துவிடும். அங்கே கோயில். பிறகு அதே தடத்தில் மறுபடி ஏறினால் அடுத்த நிலையம் தெலுக் ஆயர். அங்கிருந்து இரண்டாவது நிலையம் பேஃபிரண்ட், அதாவது கார்டன்ஸ் பை த பே தோட்டம். எல்லாமே ஒரே திசையில், ஒரே தடத்தில், லிஃப்ட் வசதியோடு. டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. வாசலில் தட்டிக் கட்டணம் கட்டும் விசா கார்டோ மாஸ்டர் கார்டோ போதும். ஆளுக்கொரு கார்டு வேண்டும். வெளிநாட்டுக் கார்டு என்றால் நாளுக்கு 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள்.

செரங்கூன்_செல்வி:

வாசகி அக்கா, தேக்காவை, அதாவது லிட்டில் இந்தியாவை விட்டுவிட்டீர்களே! வீரமாகாளியம்மன் கோயிலும் சீனிவாசப் பெருமாள் கோயிலும் ஒரே சாலையில் இருக்கின்றன. அம்மாவுக்குப் பிடித்த சாப்பாடும் கிடைக்கும். தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். முதன்முறை வெளிநாடு வரும் பெரியவருக்கு அது எவ்வளவு தைரியம்!

தெம்பனிஸ்_வாசகி:

செல்வி, எனக்கும் தேக்கா பிடிக்கும், வாரம் தவறாமல் மீன் வாங்கப் போகிறேன். ஆனால் முந்தின நாள் மாலை சென்னையில் இருந்தவருக்குப் பூக்கடையும் புடவைக்கடையும் காட்ட நான்கு மணி நேரத்தில் ஒரு மணியைச் செலவழிக்க மனம் வரவில்லை. சாப்பாட்டுக்காகத்தான் என்றால் சரி, போகலாம். பேஃபிரண்டிலிருந்து அதே தடத்தில் நேராக லிட்டில் இந்தியா வந்துவிடும். அப்போது தோட்டத்தை விட வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்று என்று அம்மாவையே முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

நிழல்_தேடி:

நான் மாறுபடுகிறேன். என் மாமியாரை இதே போலக் கூட்டி வந்தபோது டிரான்சிட் ஹோட்டலில் முதலில் தூங்க வைத்தோம். பிறகு வெளியே போகவே இல்லை. மூன்றாம் முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டம், இரண்டாவதில் சூரியகாந்தித் தோட்டம், முதலாவதில் கள்ளிச்செடித் தோட்டம். எல்லாம் குடிநுழைவுக்கு உள்ளேயே இருக்கின்றன, காசும் கிடையாது. முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைடிரெயின், விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வணிக வளாகத்துக்கு உள்ளே புகுந்து போகும்போது அங்குள்ள அருவியையும் பார்த்துவிட்டோம். செடிகொடி பிடித்த அம்மாவுக்கு இதுவே நிறைவாக இருக்கும். இரவு இன்னொரு நீண்ட விமானம் இருப்பதை மறக்க வேண்டாம்.

யாரா_கரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் அலைபேசியில் படித்துக் காட்டினேன். ரஜூலா என்றதும் அவருடைய பெரியப்பா அதில்தான் பினாங்கு போனார் என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். தெலுக் ஆயர் உறுதி. வாசகி அக்கா, இரண்டு கேள்விகள். நிழல்_தேடி சொன்ன ஓய்வை எங்கே நுழைப்பது? சென்னையில் சக்கர நாற்காலி கேட்டிருக்கிறோம், அதனால் ஏதும் சிக்கல் வருமா?

தெம்பனிஸ்_வாசகி:

நிழல்_தேடி சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஓய்வு கட்டாயம் வேண்டும், அதைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். காலையில் தூங்கினால் எழும்போது கோயில் நடை சாத்தியிருக்கும். பேஃபிரண்ட் தோட்டத்தில் மேகக்காடு (கிளவுட் ஃபாரஸ்ட்), மலர்க்குடில் (ஃபிளவர் டோம்) இரண்டுக்கும் தனித்தனிக் கண்ணாடிக் கூடம் உண்டு, குளிரூட்டப்பட்டவை. அம்மாவுக்கு மலர்க்குடில் ஒன்று போதும். மேகக்காட்டில் உயரத்துக்குப் போய் இறங்கி வர வேண்டியிருக்கும். வெளித்தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் 11 மணி வெயிலில் அங்கே நடக்க வைக்காதீர்கள்.

ஒரு மணிக்கு டாக்சி பிடித்துவிடுங்கள். 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாக்கில் ஆகும், வழியில் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வேயின் தூங்குமூஞ்சி மரங்களைப் பார்த்துக்கொண்டே வரலாம். நேராக ஜுவலில் இறங்குங்கள். அங்கே சில மணி நேரத்துக்கு மட்டும் அறை தரும் யோட்டல்ஏர் இருக்கிறது. முன்பதிவு செய்து வையுங்கள். அம்மா மூன்று மணி நேரம் காலை நீட்டிப் படுக்கட்டும், குளித்துவிட்டுப் புடவை மாற்றிக்கொள்ளட்டும். அப்புறம் 40 மீட்டர் உயர அருவியை நிதானமாகப் பார்க்கலாம். காலையில் இறங்கியவுடன் அதைத் தேடிப் போகாதீர்கள். பத்து, பதினோரு மணிக்கு மேல்தான் தண்ணீர் விடுவார்கள்.

சக்கர நாற்காலி கேட்டவர்களை ஊழியர்கள் வழக்கமாக அடுத்த விமானத்துக்கான காத்திருப்புப் பகுதிக்கே கொண்டுபோய் விடுவார்கள். விமானத்தை விட்டு இறங்கும்போதே “நாங்கள் வெளியே போகிறோம், குடிநுழைவுக்குக் கூட்டிப்போங்கள்” என்று சொல்லிவிடுங்கள். மாலை எத்தனை மணிக்கு, எந்த முனையத்தில் மறுபடி நாற்காலி வேண்டும் என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மெல்போர்ன் விமானத்தின் போர்டிங் பாஸைச் சென்னையிலேயே வாங்கிவிடுங்கள்.

அம்மாவின் மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், மருந்துச் சீட்டோடு. மறுநாள் மெல்போர்னில் இறங்கும்வரை பெட்டி உங்கள் கைக்கு வராது. ஒரு குடையும் வையுங்கள். இங்கே மழை சொல்லிக்கொண்டு வராது. பெய்தால் தெலுக் ஆயர் நடைபாதைக் கூரைக்குக் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள், பெரும்பாலும் விட்டுவிடும்.