குரூப் ஷார்ட் ஃபிலிம்ல ஆளாளுக்கு ஒரு கரெக்‌ஷன் சொல்றாங்க, யார் சொல்றதைக் கேட்டு ஷாட்டை மாத்துறது?

கீஃப்ரேம்_24

வணக்கம் மக்களே. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், 3டி ஷார்ட், பிளெண்டர் சாஃப்ட்வேர்ல பண்றோம். நாலு பேர் டீம், ஒருத்தர் கதையும் டைரக்‌ஷனும், ஒருத்தர் மாடலிங், ரிக்கிங் (கேரக்டரை அசைக்க உள்ள எலும்பும் கன்ட்ரோலும் வைக்கிறது), ஒருத்தர் லைட்டிங், காம்ப் (ரெண்டர் ஆன படங்களைக் கடைசியா சேக்குறது), அனிமேஷன் நான். ஒரு ஷாட்ல ஒரு பொண்ணு தரையில இருக்குற பெரிய பெட்டியைத் தூக்கிட்டு ரெண்டு மூணு அடி நடக்கணும். பிளாக்கிங் (முக்கியமான போஸ் மட்டும் வச்ச முதல் வெர்ஷன்) போட்டு குரூப்ல அனுப்பினப்ப எல்லாரும் சூப்பர்னு தம்ஸ்அப் போட்டுட்டுப் போயிட்டாங்க. ஸ்ப்லைன் (போஸுக்குப் போஸ் நடுவுல அசைவை ஸ்மூத் ஆக்குறது) முடிச்சு பாலிஷ் வரைக்கும் வந்த அப்புறம் இப்போ டைரக்டர் "இன்னும் ஸ்லோவா தூக்கட்டும்"ங்கிறான், ரிக்கிங் பண்றவ "ஒரே இழுப்பா வேகமா தூக்கினாதான் நல்லாருக்கும்"ங்கிறா, மென்டார் பாத்துட்டு "முகத்துல கஷ்டம் தெரியலையே"ன்னாரு. மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரல. இதுல எதை எடுத்துக்கறது? சண்டை இல்லாம எப்படிப் பேசுறது? நாலு பேருமே நல்ல ஃப்ரெண்ட்ஸ், அதைக் கெடுத்துக்க வேணாம்னு பாக்குறேன்.

கிராஃப்எடிட்டர்வாசி

தம்பி, மூணு பேரும் சொல்றது ஒரே விஷயம்தான்னு எனக்குத் தோணுது. பெட்டியில வெயிட் இல்ல. பாக்குறவங்களுக்கு ஏதோ தப்பா இருக்குன்னு கரெக்டா தெரிஞ்சுடும், ஆனா அதுக்கு அவங்க சொல்ற மருந்து பெரும்பாலும் அவங்கவங்க கைக்குப் பழகின மருந்தா இருக்கும். ஸ்லோ பண்ணு, ஃபாஸ்ட் பண்ணு, முகத்தை மாத்துன்னு. அதனால கரெக்‌ஷன் வந்தா உடனே டைம்லைனைத் திறக்காத, "எந்த இடத்துல உனக்கு நம்ப முடியாம போச்சு, அந்த ஃப்ரேம்ல நிறுத்திக் காட்டு"ன்னு கேளு. மூணு பேரும் கிட்டத்தட்ட ஒரே இடத்துலதான் நிறுத்துவாங்க பாரு.

இப்போ ஷாட்டுக்கு வருவோம். நீ வீடியோ போடல, ஆனா இந்த மாதிரி ஷாட்ல வழக்கமா நடக்குறது என்னன்னா கையும் பெட்டியும் இடுப்பும் ஒரே ஃப்ரேம்ல கிளம்பும், அப்போ பெட்டி காலி அட்டைப்பெட்டி மாதிரி தெரியும். முதல்ல இடுப்பு இறங்கணும், கால் பதியணும், கை விறைச்சு நீளணும், தோள் கீழ இழுபடணும், அதுக்கப்புறம்தான் பெட்டி தரையை விட்டு வரணும். பெட்டி அசையறதுக்கு முன்னாடி ஒரு 8லேருந்து 12 ஃப்ரேம் உடம்பு மட்டும் முக்கட்டும், 24 எஃப்பிஎஸ்ல (செகண்டுக்கு 24 ஃப்ரேம்) அது அரை செகண்டுக்கு மேல போகாது, ஷாட் நீளமும் பெருசா மாறாது. தூக்கின அப்புறம் உடம்பு கொஞ்சம் பின்னால சாயணும், இல்லாட்டி பேலன்ஸே இருக்காது, நடை குட்டிக் குட்டி அடியா வரணும். இதைச் சரி பண்ணிட்டு முகத்தைப் பாரு, பாதி வேலை தானா முடிஞ்சிருக்கும்.

ஸ்டோரிபோர்டு_அக்கா

மேல சொன்னது சரி. நான் சொல்ல வர்றது அந்த தம்ஸ்அப் பத்தி. பிளாக்கிங்ல வராத கரெக்‌ஷன் பாலிஷ்ல வருதுன்னா பிளாக்கிங்கை யாரும் உண்மையா பாக்கலன்னு அர்த்தம். இனிமே சாட்ல சும்மா அனுப்பாதீங்க, எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாருங்க, முதல் தடவை யாரும் பேசக்கூடாது, ஷாட்டைத் தனியா ஓட்டாம முன்னாடி பின்னாடி ஷாட்டோட சேத்து ஓட்டணும். ஓட்டுறதுக்கு முன்னாடி நீங்க என்ன கேக்குறீங்கன்னு சொல்லிடுங்க, "இது பிளாக்கிங், போஸும் டைமிங்கும் மட்டும் பாருங்க, விரல் பத்தி இப்ப வேணாம்"னு. ஸ்டேஜ் தெரியாம பாத்தா விரல் வளைஞ்சிருக்குன்னுதான் சொல்வாங்க, நடிப்பு தப்புன்னு யாருக்கும் தோணாது.

கதை மாத்தமெல்லாம் அனிமேட்டிக்லயே (ஸ்டோரிபோர்டு படங்களை டைமிங்கோட ஓட்டுற வீடியோ) முடிஞ்சிரணும். பிக்சார் டாய் ஸ்டோரி பண்ணும்போது 1993 நவம்பர்ல டிஸ்னிக்குக் காட்டின ஸ்டோரி ரீல் (அனிமேட்டிக் மாதிரிதான்) ரொம்ப மோசமா போய், வேலையே நிறுத்தி வச்சாங்க. ஹீரோ பொம்மை வுடி கேரக்டர் யாருக்கும் பிடிக்காத அளவுக்கு சிடுசிடுன்னு இருந்துச்சு. கதையைத் திருப்பி எழுதி 1995ல படம் வந்துச்சு. ரீலா இருந்ததால அந்தத் திருத்தம் சாத்தியமாச்சு.

கடைசி முடிவு டைரக்டருதுன்னு நாலு பேரும் ஒத்துக்கோங்க, மென்டார் சொன்னாலும் அது டைரக்டர் வழியாதான் உங்ககிட்ட வரணும். பதிலுக்கு டைரக்டரும் ஒருதடவை ஓகே சொன்ன ஸ்டேஜைத் திரும்பக் கிளறக்கூடாது, கதைக்கே ஆபத்துன்னா தவிர.

ரெண்டர்க்யூ

டெக்னிக்கலா சிலது சொல்றேன், இதுல சொதப்பி நிறைய டீம் சண்டை போட்டு பாத்திருக்கேன். ப்ரிவியூ எடுக்கும்போது மெட்டாடேட்டாவுல பர்ன் இன்டு இமேஜ் டிக் பண்ணி ஃப்ரேம் நம்பர் தெரியற மாதிரி எடுங்க, "அந்தக் கை மேல வர்ற இடம்"னு சொல்றதுக்கும் "ஃப்ரேம் 46"னு சொல்றதுக்கும் எவ்ளோ வித்தியாசம். ஃபைல் பேர்ல ஷாட் நம்பர், ஸ்டேஜ், வெர்ஷன் கட்டாயம் இருக்கணும், "ஃபைனல்_நியூ" மாதிரி பேரெல்லாம் வேணாம். லிப் சிங்க் ரிவ்யூ பண்றப்ப ப்ளூடூத் ஹெட்செட்ல கேக்காதீங்க, சவுண்டு லேட்டா வரும், சரியா இருக்குற வாயைப் போய் மாத்திட்டு இருப்பீங்க.

கீஃப்ரேம்_24

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நிறுத்திக் காட்டுங்கன்னு கேட்டேன், மூணு பேருமே பெட்டி தரையை விட்டு எழும்புற இடத்துலதான் நிறுத்தினாங்க! இடுப்பைத் தனியா முன்னாடி நகர்த்திப் பாத்துட்டு இருக்கேன். இன்னொரு சந்தேகம், கையை முழுசா நீட்டினா முழங்கை டக்குன்னு துள்ளுது, அது ரிக் பிரச்சனை. ரிக் பண்ணவகிட்ட எப்படிச் சொல்றது, ஏற்கனவே நிறைய வேலைல இருக்கா.

கிராஃப்எடிட்டர்வாசி

"உன் ரிக் சரியில்ல"ன்னு ஆரம்பிக்காத. ஷாட் ஃபைலைத் திறந்து வச்சு, எந்தக் கன்ட்ரோலை எவ்ளோ இழுத்தா துள்ளுதுன்னு காட்டு, ஐகே (கையை இழுத்தா முழங்கை தானா மடங்குறது), எஃப்கே (ஒவ்வொரு மூட்டையும் தனியா திருப்புறது) ரெண்டுலயும் டெஸ்ட் பண்ணிட்டுப் போ. அவங்களால அதே தப்பைத் திரும்ப வரவைக்க முடிஞ்சா சரி பண்றது சீக்கிரம் நடக்கும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோ, சரி பண்ணும்போது போன் (bone, ரிக்குக்குள்ள இருக்குற எலும்பு) பேரை மாத்த வேணாம்னு. கேரக்டரை அதோட ஃபைல்லேருந்து லிங்க் பண்ணிதானே எல்லா ஷாட்லயும் வச்சிருப்பீங்க, நீ ஷாட்ல வச்ச கீஃப்ரேம் எல்லாம் போன் பேரை வச்சுதான் ஒட்டியிருக்கு, பேர் மாறினா உன் ஷாட்ல அந்த போனோட அனிமேஷன் அப்படியே நின்னுடும்.