புதுசா ஏபிபிஎம் வேலை: பீட் எப்ப முடியும், வெளியே போய்வர நேரம் கிடைக்குமா?

சாரல்23 கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஜிடிஎஸ் (கிராமப்புற அஞ்சல் ஊழியர்) பட்டியலில் பெயர் வந்து, தென்காசி மாவட்டத்தில் ஒரு கிளை அஞ்சலகத்தில் ஏபிபிஎம்மாக (உதவி கிளை அஞ்சல் அதிகாரி) அடுத்த வாரம் சேர்கிறேன். பிபிஎம் (கிளை அஞ்சல் அதிகாரி) ஒருவர், நான் ஒருத்தி, அவ்வளவுதான் ஆபீஸ். நான்கு மணி நேர வேலை, டிஆர்சிஏ (மாத ஊதியம்) 10,000 ரூபாயும் அகவிலைப்படியும். பீட்டில் (தினமும் சுற்றும் பட்டுவாடா வழியில்) மூன்று ஊர். இப்போதைக்கு சைக்கிள்தான்.

மதியத்தோடு வேலை முடிந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள், சாயங்காலம் வரை இழுக்கும் என்று சிலர். பட்டுவாடாவை எப்படி ஒழுங்கு பண்ணினால் நேரத்துக்கு வீடு திரும்பலாம்? விடுப்பு எப்படி எடுப்பது? தோழிகளோடு குற்றாலம், வீட்டாரோடு கோயில் திருவிழா என்று போய்வர நாள் கிடைக்குமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பழைய பீட்:

தங்கச்சி, வாழ்த்துகள். நான்கு மணி நேரம் என்பது ஆர்டரில் உள்ள கணக்கு. உங்கள் நாளைத் தீர்மானிப்பது தபால் பை வந்து சேரும் நேரம்தான். அக்கவுண்ட் ஆபீஸிலிருந்து (உங்கள் கிளைக்கு மேலுள்ள அஞ்சலகம்) பை பஸ்ஸில் வருகிறதா, நீங்களே போய் எடுத்துவர வேண்டுமா, திரும்பப் பை எத்தனை மணிக்குக் கட்ட வேண்டும் என்று மூன்றையும் சேரும் முன்பே பிபிஎம்மிடம் கேட்டுவிடுங்கள். நடுவில் கிடைக்கும் நேரம்தான் பட்டுவாடாவுக்கு.

பை வந்ததும் பிரிக்கும் முன் சீலையும் பையின் வாயையும் பாருங்கள். சீல் உடைந்திருந்தால் அங்கேயே பிபிஎம்மிடம் காட்டிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும்; பிறகு சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளே பிஓ ஸ்லிப் (பையில் என்னென்ன வருகிறது என்ற பட்டியல்) இருக்கும். அதில் உள்ள ஸ்பீடு போஸ்ட், பார்சல், பணம் ஒவ்வொன்றையும் கையில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். ஒரு உருப்படி குறைந்தால் அன்றைய தேதியிலேயே எழுத்தில் போக வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டால் பொறுப்பு கிளை ஆபீஸ் தலையில் வந்து விழும்.

அடுத்து தேதி முத்திரை. காலையில் முதல் வேலையாகத் தேதியை மாற்றி, ஒரு வெள்ளைத்தாளில் குத்திப் பாருங்கள். நேற்றைய தேதியோடு போன தபால் சின்ன விஷயம் கிடையாது. செக் திரும்பிய வழக்கில் வக்கீல் நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும் என்பது சட்டம். நீங்கள் பதியும் பட்டுவாடா தேதியை வைத்துத்தான் அந்த 15 நாள் ஓடுகிறது.

பிரிப்பதில்தான் நேரம் மிச்சமாகும். ஊர் வாரியாகப் பிரித்தால் போதாது, நீங்கள் போகும் வழியில் வீடுகள் எந்த வரிசையில் வருகின்றனவோ அதே வரிசையில் அடுக்குங்கள். முதல் வாரமே ஒரு நோட்டில் தெரு தெருவாக வீட்டுப் பெயர், அப்பா பெயர், பட்டப்பெயர், எந்த நேரத்தில் ஆள் இருப்பார் என்று எழுதி வையுங்கள். ஒரே ஊரில் நான்கு முருகன், ஐந்து மாரியம்மாள் இருப்பார்கள். இனிஷியல் பார்க்காமல் கொடுத்த தபால் திரும்பக் கைக்கு வருவது கஷ்டம். சாதாரணத் தபால் ஒரு கட்டு. கையெழுத்து வாங்க வேண்டியது தனிக் கட்டு, அது பையின் உள் அறையில். பார்சல் கேரியரில்.

2025-இல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது. ஊரில் இன்னமும் 'ரிஜிஸ்டர்' என்றுதான் கேட்பார்கள். உங்களுக்கு முக்கியமானது இது: வெறும் ஸ்பீடு போஸ்ட் என்றால் அந்த முகவரியில் இருக்கும் வீட்டார் வாங்கலாம். பதிவு சேர்த்து அனுப்பியிருந்தால் பெயருக்குரியவர் அல்லது அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவர் மட்டும்தான். ஓடிபி கேட்டு அனுப்பியிருந்தால் அந்த எண் இல்லாமல் கொடுக்கவே முடியாது. ஆகவே கிளம்பும் முன் ஆபீஸில் உட்கார்ந்தபடியே போன் போட்டுவிடுங்கள். "வயலில் இருக்கேன், பன்னிரண்டு மணிக்கு வருவேன்" என்று பதில் வந்தால் அந்த ஊரைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். வீண் நடை குறைய இதைவிட நல்ல வழி இல்லை.

ஆள் இல்லாவிட்டால் அறிவிப்புச் சீட்டு வைத்துவிட்டு, பட்டுவாடா பதியும் சாதனத்தில் உண்மையான காரணத்தைப் பதியுங்கள். வீட்டுப் பக்கமே போகாமல் 'கதவு பூட்டு' என்று போடுவதுதான் புகாரில் முதலில் மாட்டுவது. அனுப்பியவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். 'வாங்க மறுப்பு' இன்னும் கவனம். கோர்ட் தபாலில் மறுப்பதே பெற்றுக்கொண்டதற்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்படலாம். அவர் வாயால் மறுத்தால் மட்டுமே அதைப் போடுங்கள். பட்டுவாடா ஆகாததை 7 நாள் ஆபீஸில் வைத்திருந்து அனுப்பியவருக்கே திருப்புவது பொது நடைமுறை.

ரேகை மிஷின்:

அண்ணன் தபாலைச் சொல்லிவிட்டார். நேரத்தை இழுப்பது பல நாள் தபால் கிடையாது, பணம். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் 2018 செப்டம்பரில் தொடங்கியதிலிருந்து ஊரில் நீங்கள்தான் நடமாடும் ஏடிஎம். ஆதார் வழியாக எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுத்துக் கொடுக்கலாம். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் மாதம் 15-ஆம் தேதியை ஒட்டிக் கணக்கில் ஏறும். அந்த இரண்டு மூன்று நாள் ஒவ்வொரு தெருமுனையிலும் ஆட்கள் காத்திருப்பார்கள். அந்த நாட்களில் விடுப்போ வெளியூர்த் திட்டமோ வைக்காதீர்கள்.

கிளை ஆபீஸ் கையில் வைத்திருக்கும் ரொக்கத்துக்கு வரம்பு உண்டு. 15-ஆம் தேதிக்குப் பணம் வேண்டுமென்றால் முன்கூட்டியே பிபிஎம் மூலம் அக்கவுண்ட் ஆபீஸில் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். பாதி வழியில் பணம் தீர்ந்து திரும்பி வந்தால் ஒரு மணி நேரம் போச்சு. நூறு, இருநூறு நோட்டாகக் கேளுங்கள். ஐந்நூறாகக் கொண்டுபோனால் ஆயிரம் ரூபாயில் எழுநூறு மட்டும் வேண்டும் என்கிற பாட்டிக்குச் சில்லறை இருக்காது.

ரேகை விழாததுதான் பெரிய தலைவலி. பீடி சுற்றும் அம்மாக்களுக்கும் வயல் வேலை பார்க்கிறவர்களுக்கும் விரல் நுனி தேய்ந்திருக்கும். கட்டைவிரலோடு மல்லுக்கட்டாமல் பத்து விரலையும் முயன்று, எது விழுகிறதோ அதை நோட்டில் குறித்து வைத்தால் அடுத்த மாதம் ஒரே தடவையில் முடியும். காய்ந்த விரலை ஈரத்துணியில் துடைத்து, பிறகு உலர்ந்த துணியில் ஒற்றி வைக்கச் சொல்லுங்கள். நேர் வெயிலில் மிஷின் சரியாகப் படிக்காது. திண்ணைக்கோ மர நிழலுக்கோ போய்விடுங்கள். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் இதே கதை. கேபிள் முனை தளர்ந்து பாதியில் துண்டிப்பதும் அடிக்கடி நடக்கும், மாற்றுக் கேபிள் ஒன்று பையில் கிடக்கட்டும்.

இன்னொன்று, இதில் மட்டும் ரொம்பக் கறாராக இருங்கள். பரிவர்த்தனை பாதியில் நின்றால், கணக்கில் கழிந்ததா இல்லையா என்று தெரியாமல் இரண்டாம் முறை ரேகை வைக்கச் சொல்லாதீர்கள், பணமும் கொடுக்காதீர்கள். முதலில் நிலையைப் பார்க்க வேண்டும். எவ்வளவு எடுத்தது, மீதி எவ்வளவு என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் உங்களை நம்பி விரல் வைக்கிறார்கள்.

நவம்பரில் பென்ஷன்காரர்களுக்கு உயிர்வாழ் சான்று. வீட்டுக்கே போய் எடுக்க 70 ரூபாய் கட்டணம். அந்த மாதம் முழுக்கவே இறுக்கம்தான்.

மஞ்சப்பை:

விடுப்புக் கணக்கு: சம்பளத்தோடு வருடத்துக்கு 20 நாள். ஜனவரி 1-இல் 10, ஜூலை 1-இல் 10 என்று வரும். அந்த அரையாண்டுக்குள் எடுக்காவிட்டால் போய்விடும். இது தவிர வருடத்துக்கு 5 நாள் அவசர விடுப்பு. புதிதாகச் சேர்கிறவர்கள் 'அப்புறம் எடுத்துக்கலாம்' என்று ஜூன் கடைசி வரை வைத்திருந்து இழக்கிறார்கள். ஓய்வு உங்கள் உரிமை, கூச்சப்படாமல் எழுதிக் கொடுங்கள்.

இரண்டு பேர் உள்ள ஆபீஸில் ஒருவர் விடுப்பில் போனால் பெரும்பாலும் மற்றவர் வேலையைச் சேர்த்துப் பார்ப்பார். ஒரே ஆள் உள்ள ஆபீஸில்தான் பதிலாள் வைக்கும் பேச்சு அதிகம். ஆகவே நீங்களும் பிபிஎம்மும் ஒரே நாளில் வெளியூர் போக முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரையாண்டு தொடக்கத்திலேயே இருவரும் காலண்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசிவிடுங்கள். அவர் சபரிமலைக்கு மாலை போடுகிறவர் என்றால் கார்த்திகை, மார்கழியில் சில நாள் நீங்கள்தான் ஆபீஸைத் திறக்க வேண்டும். (போகிறவரிடம் ஒரு போஸ்ட்கார்டு கொடுத்துவிடுங்கள். சந்நிதான அஞ்சலகம், பின்கோடு 689713, மண்டல மகரவிளக்குக் காலத்தில் மட்டும் திறந்திருக்கும்; முத்திரையில் பதினெட்டாம் படியும் ஐயப்பனும் இருப்பார்கள். தபால்காரர் வீட்டில் அவசியம் இருக்க வேண்டிய முத்திரை.)

விண்ணப்பத்தை அஞ்சல் இன்ஸ்பெக்டருக்கு முன்கூட்டியே அனுப்பி, அனுமதி கையில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். கிளம்பும் முன் கையில் உள்ள தபால், பணம், சாதனம், ரேகை மிஷின், தபால் பெட்டிச் சாவி எல்லாவற்றையும் பிபிஎம்மிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஒரே ஒரு பட்டுவாடா ஆகாத ஸ்பீடு போஸ்ட் வீட்டு அலமாரியில் தங்கினாலும் அது குற்றச்சாட்டாக மாறும்.

வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை, நமக்குக் கிடையாது. கலெக்டர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறையும் அஞ்சலகத்துக்குப் பொருந்தாது. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் போக வேண்டுமென்றால் விடுப்பு எழுதித்தான் போக வேண்டும். நிச்சயமாகக் கிடைப்பது ஞாயிறு.

சாரல்23:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. அப்படியென்றால் குற்றாலத்துக்கு ஞாயிறு மட்டும்தானா? இன்னொரு சந்தேகம், ஒரு ஊரில் தெருநாய் ரொம்ப அதிகம் என்கிறார்கள். சைக்கிளில் போக யோசனையாக இருக்கிறது.

செங்கோட்டை பாசஞ்சர்:

ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போவதுதான் வீண், தங்கச்சி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன் ஞாயிறுகளில் மெயின் அருவியில் வரிசையில் நின்று, தலை நனைவதற்குள் "நகருங்க" என்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு உண்டு. உங்கள் வேலை நேரம் மதியம் முடிகிறது என்றால் செவ்வாய், புதன் போல ஒரு நடுவார நாளில் பையைக் கட்டி அனுப்பிவிட்டு, கணக்கு முடித்து, நாலு மணி பஸ் ஏறினால் போதும். தென்காசியிலிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர்தான். மெயின் அருவியில் பெண்களுக்குத் தனிப் பக்கம் உண்டு. இந்த வேலையில் சம்பளம் குறைவு, ஆனால் வார நாள் சாயங்காலம் கையில் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. மேலே மலையில் மழை கொட்டினால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். குளிக்கத் தடை போட்டிருந்தால் ஓரமாகக் கூட இறங்க வேண்டாம். கிளம்பும் முன் அன்றைய நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள், உள்ளூர் ஆட்டோக்காரர்களுக்கு எல்லாம் தெரியும். பீட் முடித்த அன்று கால் ஏற்கெனவே சோர்ந்திருக்கும், பாசிப் பாறையில் ஏறுவதைத் தவிருங்கள். தேய்ந்த செருப்பு பீட்டுக்கும் ஆகாது, பாறைக்கும் ஆகாது.

ஞாயிற்றை ரயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலைப்பாதை 1904-இல் திறந்தது. அகலப்பாதையாக மாறி 2018-இல் மறுபடி முழுதாக ஓடத் தொடங்கியது. குகைகள், பதின்மூன்று கண் பாலம், இரண்டு பக்கமும் காடு. தென்மலையில் இறங்கி மாலை வண்டியில் திரும்பலாம். திரும்பும் வண்டி நேரத்தை முதலில் பாருங்கள். தவறவிட்டால் திங்கட்கிழமைப் பை உங்களுக்காகக் காத்திருக்காது.

பழைய பீட்:

நாய்க்கு ஓடாதீர்கள், வேகமாக மிதிக்கவும் வேண்டாம். துரத்தினால் சைக்கிளை நிறுத்தி இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு மெதுவாக நகருங்கள். தெருவுக்குள் நுழையும்போதே மணி அடித்துக்கொண்டு போனால் வீட்டு நாய்களைக் கட்டிவிடுவார்கள். முதல் பத்து நாள் அந்த ஊர் ஆள் ஒருவரோடு போங்கள், நாய்களுக்கும் முகம் பழகட்டும்.

கடித்தாலோ நகம் பட்டுக் கீறினாலோ, 'சின்னக் கீறல்தானே' என்று மேற்கொண்டு பீட் போக வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போய் ஊசியைத் தொடங்கி, அவர்கள் எழுதிக் கொடுக்கும் எல்லாத் தேதியிலும் தவறாமல் போட வேண்டும். பிபிஎம்முக்குத் தகவல் சொல்லி மீதித் தபாலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆபீஸ் நாட்குறிப்பில் அது பதிவாகட்டும்.

சைக்கிள் விஷயத்தில் இரண்டு. கனத்தையெல்லாம் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் முன்சக்கரம் வெட்டும். பார்சலைப் பின் கேரியரில் ரப்பர் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுங்கள். ஐப்பசி மழைக்கு ரெயின்கோட் உங்களுக்கு, கெட்டியான பாலித்தீன் பை தபாலுக்கு. ஒன்றுதான் இருக்கிறது என்றால் தபாலுக்கு முதலில்.