மறு: [கலைச்சொல்] டாட் பிட்ச் – ‘புள்ளியிடை’ போதுமா?

வணக்கம்.

(கதிர்க்குழாய் மானிட்டர்கள் கடைகளில் விற்ற காலத்து மடலாடல் இது.)

நம் செய்திமடலுக்காக 19 அங்குலக் கதிர்க்குழாய் (சி.ஆர்.டி.) மானிட்டர் ஒன்றைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரிய திரை, சல்லிசான விலை, வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மானிட்டருக்குத் திரையகம், ரெசல்யூஷனுக்குப் பிரிதிறன், ரிஃப்ரெஷ் ரேட்டுக்குப் புதுப்பிப்பு வீதம் என்று நம் கலைச்சொல் பட்டியலில் இருப்பதையே போட்டுவிட்டேன். டாட் பிட்ச்சில் (திரையின் நிறப் புள்ளிகள் எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் அளவு) வந்து நிற்கிறேன். பட்டியலில் யாரோ ‘புள்ளிச் சுருதி’ என்று ஏற்றி வைத்திருக்கிறார்கள். திரையைப் பாடவா சொல்கிறோம்? ‘புள்ளி அடர்த்தி’ என்று போட்டுவிடட்டுமா? பெட்டியில் 0.22 மி.மீ. என்று இருக்கிறது.

– ந., கோவை

-----

> ‘புள்ளி அடர்த்தி’ என்று போட்டுவிடட்டுமா?

வேண்டாம். அடர்த்தி என்றால் எண் ஏற ஏற நல்லது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இது குறையக் குறைய நல்லது. பள்ளியில் திருகு அளவியைத் திருகிப் பார்த்தவர்களுக்குப் ‘புரியிடைத் தூரம்’ மறந்திருக்காது. ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள தூரம். ஆங்கிலத்தில் அதுவும் பிட்ச்தான். அதே வழியில் ‘புள்ளியிடைத் தூரம்’, சுருக்கமாகப் ‘புள்ளியிடை’. பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே புழங்கும் சொல் இருக்கும்போது புதிதாகத் தேடிப் போக வேண்டாம்.

ஆனால் இதோடு விட்டால் உங்கள் கட்டுரை வாசகரைக் கவிழ்த்துவிடும். அந்த 0.22 எந்தத் திசையில் அளந்தது?

கண்ணாடிக்குப் பின்னால் நுண்ணிய துளைகள் போட்ட மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலத்துக்கான மூன்று எலக்ட்ரான் கற்றைகளும் ஒவ்வொரு துளை வழியாகவும் புகுந்து தத்தம் நிறப் புள்ளியில் போய் விழுகின்றன. இந்தப் புள்ளிகள் கட்டம் கட்டமாக இல்லை. ‘15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை’ என்று மார்கழியில் வாசலில் வைப்போமே, அந்த அமைப்பு. ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அடுத்த வரிசையின் புள்ளி உட்காரும். ஆகவே ஒரு சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்துச் சிவப்புப் புள்ளி சாய்வாக இருக்கும். பழைய வழக்கப்படி டாட் பிட்ச் என்றால் இந்தச் சாய்வுத் தூரம்.

அதை அப்படியே பெட்டியில் போட்டால் 0.25, 0.26 என்று வரும். விற்கிறவர்கள் என்ன செய்தார்கள்? சாய்வை விட்டுவிட்டுக் கிடைமட்டத்தில் எவ்வளவு நகர்கிறது என்பதை மட்டும் எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். சாய்வு 30 பாகை, 0.866ஆல் பெருக்கினால் போதும். 0.28 என்பது 0.24 ஆகும். 0.26 என்பது 0.225 ஆகும். பொய் இல்லை, ஆனால் பக்கத்துப் பெட்டியில் சாய்வளவு போட்டிருந்தால் ஒப்பிடுகிறவர் ஏமாந்து போவார். ‘0.25’ என்று சாய்வளவைப் போட்ட மானிட்டரின் கிடையளவு 0.2165. அதாவது ‘0.22’ என்று போட்டதைவிட அது ஒரு நூல் நுணுக்கம்! கடைக்காரரிடம் கேட்டால் 0.22தான் உசத்தி என்பார்.

அதனால்தான் ஒரே சொல் போதாது என்கிறேன். ‘சாய் புள்ளியிடை’, ‘கிடைப் புள்ளியிடை’ என்று இரண்டையும் பட்டியலில் ஏற்றுவோம். எந்த வகை என்று தெரியாத எண்ணைக் கட்டுரையில் போடாதீர்கள்.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் செருகிக்கொள்வாரே, அந்த லென்ஸும் அரை மில்லிமீட்டர் கோடுள்ள எஃகு ஸ்கேலும் போதும். கணினியில் பெயின்ட் மென்பொருளைத் திறந்து திரை முழுக்க வெறும் சிவப்பைக் கொட்டுங்கள். ஸ்கேலைச் செங்குத்தாகத் திரையில் ஒட்டி வைத்து, ஒரே நெடுவரிசையில் மேலிருந்து கீழாக எண்ணுங்கள். இந்த அமைப்பில் செங்குத்துத் தூரமும் சாய்வுத் தூரமும் ஒன்றே, அதனால் கணக்கு எதுவும் போட வேண்டாம். 10 மி.மீ.க்குள் 45 புள்ளி வந்தால் 0.22 சாய்வளவு. 39 வந்தால் சாய்வளவு கிட்டத்தட்ட 0.256, பெட்டியில் இருப்பது கிடையளவு. மலிவு விலை 19 அங்குலத்தில் 39 பக்கம்தான் வரும் என்று பந்தயமே கட்டலாம்.

இனி அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? 19 அங்குலம் என்பது குழாயின் அளவு. கண்ணுக்குத் தெரிவது 18தான். (இதற்குத் ‘தெரிபரப்பு’ போதும், விவாதமே வேண்டாம்.) மூலைவிட்டம் 18 என்றால் அகலம் 14.4 அங்குலம், ஏறக்குறைய 366 மி.மீ. அதை 0.22ஆல் வகுத்தால் 1,660 சொச்சம். பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கும் 1600×1200ஐ வைத்தால் ஒரு படப்புள்ளிக்கு (பிக்சல்) ஒரு மூவண்ணத் தொகுதிதான் மிஞ்சும். எழுத்து மசமசவென்று இருக்கும். தமிழ் எழுத்துருக்களுக்கு இது இன்னும் மோசம். ‘ணி’யின் சுழியும் மேல்விலங்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 0.22ஐச் சாய்வளவு என்று நம்பியவரோ 1,900க்கு மேல் இடம் இருப்பதாகக் கணக்குப் போட்டிருப்பார்.

கிடை வருடல் அதிர்வெண்ணையும் (ஒரு நொடியில் கற்றை எத்தனை கிடைக்கோடு வரைகிறது என்பதை) பாருங்கள். 96 கிலோஹெர்ட்ஸ் வரை என்று இருந்தால் 1600×1200இல் புதுப்பிப்பு வீதம் 75 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறாது, 85க்கு 106 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். 1280×960இல் 85 தாராளமாகக் கிடைக்கும். எல்லோரும் பழக்கத்தில் 1280×1024 வைக்கிறார்கள். அது 5:4, திரை 4:3. வட்டம் சப்பையாகத்தான் தெரியும்.

டிரினிட்ரான் வகைக்கு மேலே சொன்ன சாய்வு, கிடைக் கணக்கு பொருந்தாது. 1968இல் சோனி கொண்டுவந்தது. துளைத் தகட்டுக்குப் பதில் செங்குத்தாக இழுத்துக் கட்டிய கம்பி வரிசை. திரையில் புள்ளியே கிடையாது, நெடும் பட்டைகள்தான். அங்கே ‘பட்டையிடை’ என்போம். அளவு எப்போதும் கிடைதான். வெள்ளைத் திரையில் மெல்லிய கிடைக்கோடு ஒன்றோ இரண்டோ தெரிந்தால் மானிட்டர் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கம்பிகள் ஆடாமல் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பியின் நிழல் அது.

– சி., சென்னை

-----

அண்ணை, புரியிடையில் இருந்து புள்ளியிடை எடுத்தது நல்லாப் பொருந்துது. எனக்கு இரண்டு தடை.

ஒன்று, பிக்சலை எங்கட பட்டியலில் ‘படப்புள்ளி’ என்று எழுதுறம். ‘புள்ளியிடை’ என்றால் வாசிக்கிறவர் படப்புள்ளிகளுக்கு இடையிலான தூரம் என்று விளங்கிக்கொள்ள மாட்டாரோ? பிரிதிறனை மாற்றினால் படப்புள்ளியின் அளவு மாறும். இது குழாயோடு பிறந்தது, மாறவே மாறாது. ‘நிறப்புள்ளியிடை’ என்று வைத்தால் என்ன?

மற்றது, அதிர்வெண். இலங்கையில் பள்ளிக்கூடத்தில் படித்தவைக்கு அது மீடிறன். கட்டுரையில் ஓர் இடத்திலாவது இரண்டையும் போடுங்கோ.

காந்தநீக்கம் (டீகாஸ், திரைக்குப் பின்னால் உள்ள தகட்டில் ஏறிய காந்தத்தை எடுக்கிறது) பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்துத் திரை மூலையில் ஊதா படர்ந்ததைக் கண்டு, மானிட்டரே பழுது என்று தூக்கிக்கொண்டு கடைக்குப் போனவை இருக்கினம். இருபது கிலோவுக்கு மேல் பாரம்!

– ம., கொழும்பு

-----

> ‘நிறப்புள்ளியிடை’ என்று வைத்தால் என்ன?

தடை நியாயம். ஆனால் முன்னால் ‘சாய்’, ‘கிடை’ சேர வேண்டுமே. ‘கிடை நிறப்புள்ளியிடைத் தூரம்’ என்று எழுதிப் பாருங்கள், மூச்சு வாங்குகிறது. பிக்சலை எங்கும் வெறும் ‘புள்ளி’ என்று சுருக்காமல் ‘படப்புள்ளி’ என்றே எழுதினால் குழப்பம் வராது. விளக்கத்தில் நிறத்தைச் சேர்த்துவிடுவோம்.

மீடிறன் கட்டாயம் சேரட்டும். காந்தநீக்கத்துக்குக் கட்டுரையில் ஒரு பத்தி ஒதுக்கலாம். பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் மாறுவதால் வட அரைக்கோளம், நடுக்கோட்டுப் பகுதி, தென் அரைக்கோளம் என்று தனித்தனியே சரிசெய்து அனுப்பும் மானிட்டர்களும் உண்டு. காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவத் தொடங்கியதும் அதனால்தான். வெளியூரிலிருந்து வந்த பழைய பெரிய மானிட்டரை வாங்குவோர், வெள்ளைத் திரையில் நான்கு மூலையையும் பார்த்து, காந்தநீக்கப் பொத்தானை அழுத்தி, மீண்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கட்டும்.

பட்டியலுக்கு நான் எழுதியது:

புள்ளியிடை (புள்ளியிடைத் தூரம்): கதிர்க்குழாய்த் திரையில் அடுத்தடுத்த ஒரே நிறப் புள்ளிகளுக்கு இடையிலான தூரம், மி.மீ.இல். சாய்வாக அளந்தால் சாய் புள்ளியிடை. அதன் கிடைமட்டக் கூறு கிடைப் புள்ளியிடை. பட்டைத் திரைக்குப் பட்டையிடை.

கோவை நண்பரே, 1280×960க்கு வாங்கலாம், 1600×1200க்காக வாங்க வேண்டாம் என்று எழுதுங்கள். அந்த 39ஐயும் எண்ணிச் சொல்லுங்கள், பந்தயம் நிற்கிறது. ‘புள்ளிச் சுருதி’யை இன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன், புது வரியில் மறுப்பு இருப்பவர்கள் ஞாயிறுக்குள் எழுதுங்கள்.

– சி.