இன்ஜின் மாற்றிய பிறகு ஐடிலில் உதறும் வண்டி: எங்கே பார்ப்பது, எதை அளப்பது

இன்ஜின் மாற்றிய வண்டி ஓட்டத்தில் நன்றாக இருக்கும், சிக்னலில் நின்றால் மட்டும் உதறும். இந்தப் புகாரில் முதல் வேலை, உதறுவது இன்ஜினா பாடியா என்று பிரிப்பது. அதைப் பிரிக்காமல் பிளக், காயில் என்று வாங்கிப் போடுவது காசைக் கரைக்கும் வேலை.

ஸ்கேனரை மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடானதும் லைவ் டேட்டாவில் ஆர்பிஎம்மையும் மிஸ்ஃபயர் கவுண்ட்டையும் (சிலிண்டரில் எரியாமல் தப்பிய தடவைகளின் எண்ணிக்கை) பாருங்கள். 700–800ல் இருபது முப்பது மட்டும் ஆடிக்கொண்டு, மிஸ்ஃபயர் பூஜ்யமாக இருந்து, ஸ்டீயரிங்கும் சீட்டும் நடுங்கினால் அது மவுண்டிங் (இன்ஜினைப் பாடியில் தாங்கும் ரப்பர் தாங்கி). 550க்கும் 900க்கும் இடையில் ஏறி இறங்கினால் காற்று அல்லது எரிபொருள் கணக்கு தப்புகிறது. ஆர்பிஎம் ஓரளவு நின்று, சைலன்சர் முனைக்கு எதிரே கை காட்டினால் ஒரே இடைவெளியில் காற்று விட்டு விட்டு வந்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை.

மவுண்டிங் விஷயத்தில் பெரும்பாலும் ரப்பர் கெட்டுப்போயிருக்காது. இன்ஜினை இறக்கி உட்கார வைத்த கையோடு ஒவ்வொரு போல்ட்டாக முழுசாக முறுக்கிவிடுவதால், ரப்பர் ஒரு பக்கம் இழுபட்ட நிலையிலேயே பூட்டிக்கொள்கிறது. இன்ஜினுக்கு அடியில் ஜாக்கியும் கட்டையும் தாங்கலாக வைத்து, மவுண்டிங் போல்ட்டுகளைக் கழற்றாமல் ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, இன்ஜினை முன்னும் பின்னும் அசைத்து அதன் இடத்தில் தானாக உட்கார விடுங்கள். பிறகு மேனுவலில் சொன்ன டார்க்கில் முறுக்குங்கள். அப்படியும் நடுக்கம் இருந்தால் சைலன்சர் பைப், ஏசி பைப், கியர் கேபிள் இவற்றில் எது பாடியில் இடிக்கிறது என்று தேடுங்கள். இடிக்கும் இடத்தில் பெயின்ட் உரிந்து சின்னதாக ஒரு பளபளப்பு தெரியும்.

மேனுவல் கியர் வண்டியில் பழைய இன்ஜினின் ஃப்ளைவீலை அப்படியே புதியதில் போட்டிருந்தால் பார்ட் நம்பரைச் சரிபாருங்கள். சில இன்ஜின்களில் ஃப்ளைவீலிலேயே பேலன்ஸ் எடை சேர்ந்திருக்கும். அது மாறிப் போனால் ஐடிலில் ஆரம்பிக்கும் அதிர்வு, ரேஸ் செய்யச் செய்ய கூடிக்கொண்டே போகும். மவுண்டிங் கோளாறு பொதுவாக ரேஸ் செய்தால் குறையும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

* * *

மேலே சொன்ன இரண்டாவது வகை, அதாவது ஆர்பிஎம் ஏறி இறங்குவது. இன்ஜின் மாற்றிய வண்டியில் இதற்குக் காரணம் பெரும்பாலும் காற்றுக் கசிவுதான். எல்லா ஹோஸும் கழற்றி மாட்டப்பட்டவை, எல்லா பேக்கிங்கும் கை பட்டவை.

மேஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) உள்ள வண்டியில் ஃபியூயல் ட்ரிம் (ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஐடிலில் ஷார்ட் ட்ரிம்மையும் (அந்த நேரத்துத் திருத்தம்) லாங் ட்ரிம்மையும் (கற்றுவைத்த திருத்தம்) கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடித்து மறுபடி குறியுங்கள். ஐடிலில் +15, 2500ல் +2 என்று இறங்கினால் சென்சாருக்குப் பின்னால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஐடிலில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம், அதில் கசிவு பெரிய பங்கு. ரேஸ் செய்யும்போது அதே கசிவு மொத்தத்தில் ஒன்றுமில்லாமல் போகிறது. இரண்டு இடத்திலும் ஒரே அளவு ப்ளஸ் என்றால் கசிவைத் தேடி அலையாமல் ஃபியூயல் பிரஷரையும் மேஃப் சென்சாரையும் பாருங்கள். சூடான ஐடிலில் மேஃப் காட்டும் கிராம்/செகண்ட், ஏறக்குறைய இன்ஜினின் லிட்டர் அளவை ஒட்டி இருக்கும் என்பது பட்டறைக் கணக்கு. 1.6 லிட்டர் இன்ஜின் 1 கிராமுக்கும் கீழே காட்டினால் ஒன்று சென்சார் அழுக்கு, இல்லையென்றால் காற்று வேறு வழியில் போகிறது.

இன்ஜெக்டரின் கீழ் ஓ-ரிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேல் ஓ-ரிங் கிழிந்தால் பெட்ரோல் வாசனை வரும், உடனே தெரிந்துவிடும். கீழ் ஓ-ரிங் கிழிந்தால் காற்று மட்டும் உள்ளே போகும், வெளியே ஒரு தடயமும் இருக்காது. ரெயிலை (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) உலர்ந்த ரப்பரோடு ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தும்போது ஓட்டையின் விளிம்பு ரப்பரிலிருந்து பிறை வடிவில் ஒரு மெல்லிய துண்டைச் சீவிவிடும். கழற்றிப் பார்த்தால் அந்தத் துண்டு இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி) ஓட்டையின் வாயிலேயே ஒட்டியிருக்கும். மாட்டும்போது புது ஓ-ரிங், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு சுத்தமான இன்ஜின் ஆயில், நான்கையும் நேராக ஒரே சமமாக அழுத்துவது, உட்கார்ந்தபின் ஒவ்வொரு இன்ஜெக்டரும் விரலால் திருகினால் கொஞ்சம் சுழல்கிறதா என்று பார்ப்பது. சுழலாமல் இறுகி நின்றால் உள்ளே ரப்பர் மடங்கியிருக்கிறது.

கசிவைத் தேட ஸ்மோக் மெஷின் இருந்தால் 1 பிஎஸ்ஐக்குள் வைத்துப் புகை விடுங்கள். அதற்கு மேல் போனால் நல்ல சீலையும் பிரித்துவிடும். மெஷின் இல்லாதவர்கள் கார்பரேட்டர் கிளீனர் அடிப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீ. ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரைப் பனி போல, வயரிங்கில் படாமல், மேனிஃபோல்டு பேக்கிங் ஓரமாக அடித்தாலே போதும். கசிவு உள்ள இடத்தில் 'ஸ்ஸ்' சத்தம் ஒரு நொடி அடைபடும், ஆர்பிஎம்மும் கூடவே மாறும்.

பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (கிராங்க் கேஸ் காற்றை மேனிஃபோல்டுக்கு இழுப்பது), ஆயில் ஃபில்லர் மூடி, டிப்ஸ்டிக் இவற்றை விட்டுவிடாதீர்கள். டிப்ஸ்டிக் குழாயின் அடி ஓ-ரிங் இல்லாமல் மாட்டியிருந்தால் கிராங்க் கேஸ் வழியாகக் காற்று பிசிவிக்குப் போய் அங்கிருந்து மேனிஃபோல்டுக்குள் சேரும்.

* * *

ட்ரிம் பற்றிச் சொன்னது சரி, ஆனால் அது மேஃப் வண்டிக்கு மட்டும். மேப் சென்சாரை (மேனிஃபோல்டு பிரஷரை அளப்பது) வைத்துக் காற்றைக் கணக்கிடும் வண்டியில் இந்த முறை கைவிடும். அங்கே கசிந்து வரும் காற்றும் மேனிஃபோல்டு பிரஷரை உயர்த்துகிறது, ஈசியூ அதையும் எண்ணி பெட்ரோல் கொடுத்துவிடுகிறது. ட்ரிம் பெரிதாக மாறாது, ஐடில்தான் உயரும். பி0507 (ஐடில் அதிகம் என்ற கோளாறுக் குறியீடு) வரலாம். சூடான ஐடிலில் மேப் வழக்கமாக 25–40 கிலோ பாஸ்கலுக்குள் இருக்கும். 50ஐத் தாண்டி நின்றால் கசிவு, டைமிங், கம்ப்ரஷன் மூன்றையும் சந்தேகப்படுங்கள். கசிவு ஒரே ஒரு சிலிண்டருக்குப் போகும் மேனிஃபோல்டு குழாயின் (ரன்னர்) ஓரமாக இருந்தால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் லீன் (பெட்ரோல் குறைவு) ஆகி மிஸ் அடிக்கும், மற்ற மூன்றும் ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகும்.

ட்ரிம் மைனஸில் போகிற வண்டியில் பர்ஜ் வால்வைப் (டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விடும் வால்வ்) பாருங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கேனிஸ்டர் (டேங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) பக்கத்து ஹோஸைக் கழற்றி வால்வின் வாயில் விரலை வையுங்கள். இழுக்கக் கூடாது. இழுத்தால் வால்வ் திறந்தபடியே சிக்கியிருக்கிறது, டேங்க் ஆவி நேராக உள்ளே போகிறது. இன்ஜின் மாற்றும்போது மேனிஃபோல்டில் ஒரே அளவு நிப்பிள் இரண்டு மூன்று இருப்பதால், இந்த ஹோஸ் பர்ஜ் வால்வைத் தவிர்த்துவிட்டு நேராகவே மாட்டப்பட்டிருப்பதும் உண்டு.

வி6, வி8 இன்ஜினில் ஒரு பேங்க் (ஒரு பக்கத்துச் சிலிண்டர் வரிசை) ட்ரிம் +25, மறு பேங்க் −25 என்று எதிரெதிர் முனையில் போய் முட்டி நின்றால் முன் ஆக்ஸிஜன் சென்சார் கப்ளர் (வயர் இணைப்பி) இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. லீன் பேங்குக்குக் கொடுக்க வேண்டிய பெட்ரோல் மறுபக்கம் போகிறது, சென்சார் திருந்தாததால் ஈசியூ மேலும் மேலும் கொடுக்கிறது. கப்ளரை மாற்றி மாட்டி, ட்ரிம்மை அழித்துவிட்டு ஓட்டுங்கள்.

* * *

வயரிங் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

எர்த் பட்டை. பிளாக்கிலிருந்து பாடிக்கும் பேட்டரிக்கும் போகும் எர்த்தை மாட்ட மறந்த வண்டியும் ஸ்டார்ட் ஆகும்; கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் வழியாகத் திரும்பும். ஹெட்லைட் போட்டால், ரேடியேட்டர் ஃபேன் ஓடினால் ஐடில் தடுமாறுவது இதன் அடையாளம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டில் (கிளாம்பில் வேண்டாம்), மறு முனை பிளாக்கின் வெற்று உலோகத்தில். இன்ஜின் ஓட, ஹெட்லைட்டும் புளோயரும் போட்ட நிலையில் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0.5 வந்துவிட்டால் பட்டையைக் கழற்றி, அடியில் பெயின்டைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். 5 வோல்ட்டில் வேலை செய்யும் சென்சாருக்கு அரை வோல்ட் என்பது பெரிய பொய்.

காயில் ஆன் பிளக் (ஒவ்வொரு பிளக் மேலும் தனிக் காயில்) உள்ள, 1-3-4-2 வரிசையில் எரியும் இன்ஜினில் 2, 3 கப்ளர் இடம் மாறினால் இரண்டு சிலிண்டரும் சுத்தமாகச் செத்துவிடும், இன்டேக்கில் வெடிக்கும், எளிதில் தெரிந்துவிடும். இன்ஜெக்டர் கப்ளர் மாறினால் அப்படி இல்லை. மூடிய வால்வின் பின்னால் பெட்ரோல் காத்திருந்து அடுத்த சுற்றில் உள்ளே போய்விடுவதால் சூட்டில் வண்டி கிட்டத்தட்ட ஒழுங்காகவே ஓடும், குளிரில் லேசாக உதறும். பெரிய சிக்கல் வேறு: ஸ்கேனரில் 2ஐ நிறுத்தச் சொன்னால் உண்மையில் 3 நிற்கும். அதை நம்பித் தப்பான சிலிண்டரைப் பிரித்துவிடுவார்கள். அதனால் பேலன்ஸ் டெஸ்ட்டை (ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்ப்பது) கப்ளரைக் கையால் பிடுங்கியும் ஒருமுறை செய்யுங்கள். எதைப் பிடுங்கினால் ஆர்பிஎம் இறங்கவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர்.

மிஸ்ஃபயர் கவுண்ட் ஏறுகிறது, காதுக்கும் கைக்கும் எதுவும் தெரியவில்லை என்றால் கிராங்க் ரீலேர்ன் (புது இன்ஜினின் கிராங்க்கை ஈசியூவுக்குக் கற்றுக்கொடுப்பது) செய்யப்படவில்லை. ஈசியூ பழைய இன்ஜினின் ரிலக்டர் வீலில் (கிராங்க் சென்சார் படிக்கும் பல் சக்கரம்) இருந்த நுண்ணிய பல் வித்தியாசங்களைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள வண்டியில் ஐடில் ரீலேர்னும் சேர்த்துச் செய்யுங்கள், ஆனால் கசிவையெல்லாம் சரிசெய்த பிறகு. கசிவோடு கற்றுக்கொடுத்தால் கசிவையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும்.

* * *

எல்லாம் சரியாக இருந்தும் உதறினால் இன்ஜினையே அளக்க வேண்டும். வெளியிலிருந்து வாங்கிய இன்ஜின் எத்தனை நாள் கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. உண்மையில் வண்டிக்குள் இறக்குவதற்கு முன்பே, ஸ்டேண்டில் இருக்கும்போதே செய்ய வேண்டிய சோதனை இது.

முதலில் வேக்குவம் கேஜ் (மேனிஃபோல்டு வெற்றிடத்தை அளப்பது). கடல் மட்டத்தில் நல்ல இன்ஜின் 17–21 அங்குல பாதரசத்தில் அசையாமல் நிற்கும். உயரம் 300 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 1 அங்குலம் குறையும். முள் ஆடாமல் 10–15ல் நின்றால் பெரிய கசிவு, அல்லது வால்வ் டைமிங் ஒரு பல் பின்தங்கியிருக்கிறது. ஒரே தாளத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் ஒரு வால்வ் மூடவில்லை. 2500ல் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் கேட்டலிட்டிக் (புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர்) அடைத்திருக்கிறது. பழைய இன்ஜின், ஆயிலைக் குடித்துச் செத்திருந்தால் இதற்கு வாய்ப்பு அதிகம்.

டைமிங் மார்க்கைப் பெல்ட் போட்ட நிலையில் பார்த்தது போதாது. கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டென்ஷனர் இழுத்து நின்ற பிறகு பாருங்கள். ஒரு பல் தாண்டுவது அந்தச் சுற்றில்தான் வெளியே வரும்.

கம்ப்ரஷன்: சூடான இன்ஜின், எல்லா பிளக்கும் கழற்றி, பெட்ரோலும் இக்னிஷனும் துண்டித்து, த்ராட்டில் முழுக்கத் திறந்து, ஆறேழு துடிப்பு. பெட்ரோலுக்கு 10–14 பார் சாதாரணம். சிலிண்டர்களுக்குள் 10–15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் கேஸ்கெட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நான்கும் சமமாகக் குறைந்தால் இன்ஜினைக் குறை சொல்லும் முன் பேட்டரியையும் டைமிங்கையும் பாருங்கள். நாள்பட்டுக் கிடந்த இன்ஜினில் வால்வ் சீட்டில் துரு பிடித்து ஒரு சிலிண்டர் 7 பார் காட்டி, கொஞ்ச நேரம் ஓடியதும் 11க்கு ஏறுவது உண்டு. உடனே ஹெட்டைத் தூக்காமல், முழுச் சூட்டில் ஓடவிட்டு மறுபடி அளந்து முடிவெடுங்கள்.

கூலன்ட் ஏர் லாக்கும் (கூலன்ட்டுக்குள் சிக்கிய காற்று) ஐடிலைக் கெடுக்கும். டெம்பரேச்சர் சென்சார் தண்ணீரில் மூழ்காமல் காற்றில் நின்றால் ஈசியூ இன்ஜின் இன்னும் குளிர் என்றே நினைத்து ரிச்சாக ஊற்றும். இரவெல்லாம் நின்ற வண்டியில் இக்னிஷன் மட்டும் போட்டு கூலன்ட் டெம்பரேச்சரையும் இன்டேக் ஏர் டெம்பரேச்சரையும் ஒப்பிடுங்கள், இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி இருக்க வேண்டும். −40 காட்டினால் கப்ளர் மாட்டவில்லை.

* * *

டீசல்காரர்களுக்கு: காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் பிரஷர் ரெயில்) இன்ஜினை அதன் இன்ஜெக்டர்களோடு மாற்றியிருந்தால், ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்த திருத்தக் குறியீட்டை அந்தந்த சிலிண்டர் எண்ணுக்கு எதிரே ஈசியூவில் ஏற்ற வேண்டும். பழைய குறியீடே கிடந்தால் ஐடிலில் தட்டும், உதறும், புகையும். ஏற்றிய பிறகும் போகாவிட்டால் ரிட்டர்ன் டெஸ்ட்: நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலை (ரிட்டர்ன்) நான்கு அளவுக் குப்பியில் விட்டு, ஒரே நேரம் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மூன்று மடங்கு கொட்டினால் அது தேய்ந்திருக்கிறது. சப்ளை லைனில் கண்ணாடி போல உள்ளே தெரியும் ஹோஸ் ஒரு துண்டு போட்டுக் குமிழி வருகிறதா என்றும் பாருங்கள். ஃபில்டர் தலையின் ஓ-ரிங் சரியாக உட்காராமல் காற்று இழுப்பது இன்ஜின் மாற்றிய டீசலில் அடிக்கடி வருவது. பழைய முறையில் ஒவ்வொரு பைப்பாகத் தளர்த்திச் செத்த சிலிண்டரைத் தேடும் பழக்கம் இதில் வேண்டவே வேண்டாம். ஐடிலிலேயே ரெயிலில் 250 பாருக்கு மேல் நிற்கிறது. அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியே ஊசி குத்திய புள்ளி போலத்தான் தெரியும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போய், டீசல் பிரஷரோடு உள்ளே போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.